ஐந்தாவது கேள்விக்கு என் பதில்

ஜூன் 9, திங்கள்

பைபாஸ் ரோட்டுப் பள்ளியிலருந்து போன் வந்துச்சு. பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, காலைல பத்து மணிக்கு இன்டர்வியூ. மூணாம் வகுப்புக்கு டீச்சர் வேணுமாம். இருந்த பொண்ணு கல்யாணம் முடிஞ்சு திருப்பூர் போயிட்டாளாம். நல்லா இருக்கட்டும்.

போனை வச்ச கையோட இந்த டைரியை எடுத்தேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது, போன வருசத்து டைரி. கிழமையெல்லாம் தப்பா இருக்கு. நானே அடிச்சு எழுதிக்கிடுதேன்.

ஒரே ஸ்கூல்ல எட்டு வருசம் மூணாம் வகுப்பு எடுத்தவ இந்த சண்முகக்கனி. ஏப்ரல்ல நானாத்தான் வெளிய வந்தேன். யாரும் அனுப்பல. இத முதல்லயே எழுதி வச்சிடுதேன், ஏன்னா தெருவுல வேற மாதிரி பேசுதாங்க. மே மாச வெயில்ல வீடு வீடாப் போயி, எங்க ஸ்கூல்ல பிள்ளையச் சேருங்கன்னு நோட்டீஸ் கொடுக்கச் சொன்னாரு கரஸ்பாண்டன்ட். நான் டீச்சர், நோட்டீஸ் கொடுக்குற ஆளு இல்லன்னு ஸ்டாஃப் ரூம்ல அத்தன பேரு முன்னாடியும் சொன்னேன். அப்ப நாளைலருந்து வர வேண்டாம்னாரு. சரின்னு பையத் தூக்கிட்டு வந்துட்டேன். இதுல அனுப்புனது எங்க இருக்கு?

ஊர்ல இருக்குற மத்த ரெண்டு தனியார் பள்ளியும் அந்த ஆளோட சொந்தக்காரங்களுது. அங்க என் பேரச் சொன்னாலே கேட்டைச் சாத்திருவாங்க. பாக்கி இருக்குறது பைபாஸ் பள்ளி ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா தீப்பெட்டி ஆபீஸ், இல்ல ஜவுளிக்கடை. டீச்சர்னு கூப்பிட்ட வாயெல்லாம் ஏ கனின்னு கூப்பிடும். நடக்காது. நான் விடமாட்டேன்.

அரிசி ஊறப் போட்டாச்சு. உளுந்து போடணும்.

ஜூன் 10, செவ்வாய்

சாயங்காலம் லூர்து அக்கா வந்தாங்க. பழைய ஸ்கூல்ல இன்னும் இருக்காங்க, இரண்டாம் வகுப்பு. எனக்காக இருபது கேள்வி எழுதிக் கொண்டு வந்திருந்தாங்க, பதிலோட. முத்து முத்தான கையெழுத்து.

"அஞ்சாவதைக் கட்டாயம் கேப்பாங்கட்டி. எல்லா இன்டர்வியூலயும் அதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்."

அஞ்சாவது கேள்வி: படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு நீங்கள் எப்படி உதவுவீர்கள்?

பதில்: பின்தங்கிய மாணவர்களை முதலிலேயே கண்டறிவேன். தனிக்கவனம் செலுத்துவேன். எளிய செயல்பாடுகள் மூலம் கற்பிப்பேன். பெற்றோருடன் தொடர்பில் இருப்பேன். சிறு முன்னேற்றத்தையும் பாராட்டுவேன்.

நல்ல பதில்தான். எட்டு வருசமா நானும் கிட்டத்தட்ட அதைத்தானே செஞ்சேன். எல்லாப் பிள்ளையும் தானா எழுதிராது. கொஞ்சம் கை கொடுக்கணும். கொடுத்தேன். என் வகுப்புல ஒரு பிள்ளகூட ஏ கிரேடுக்குக் கீழ இறங்கினது கிடையாது. மூணு வருசத்து ரிசல்ட் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வச்சாச்சு.

அக்காவுக்குக் காபி போட்டேன். சீனி ஜாஸ்தியாயிருச்சு. ஆனாலும் முழுசாக் குடிச்சாங்க.

ஜூன் 11, புதன்

இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் இசக்கிமுத்துதான் இன்டர்வியூ அதிகாரி. மினிபஸ் கண்டக்டர். முதல் டிரிப்பு முடிச்சு வந்த மனுசன், பையைக்கூடக் கழட்டாம ஸ்டூல்ல உக்காந்து கேள்வித் தாளைக் கையில எடுத்தாரு. நான் தோசை சுட்டுக்கிட்டே பதில் சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும், "அடுத்து யாரு, டிக்கெட் வாங்கு"ன்னு கத்துதாரு. சிரிச்சு சிரிச்சு கரண்டி கீழ விழுந்துருச்சு.

அஞ்சாவது வந்துச்சு. கடகடன்னு ஒப்பிச்சேன். அவரு தாளைக் கீழ வச்சிட்டு, "சரி, அப்படிப் படிக்க வச்ச ஒரு பிள்ள பேரச் சொல்லுங்க டீச்சர்"ன்னாரு.

"அது தாள்ல இல்ல."

"தாள்ல இல்லன்னா கேக்கக் கூடாதா? நான் அதிகாரில்லா?"

பேரு நெறைய இருக்கு. எட்டு வருசத்துல எத்தன பிள்ளைங்க. ஆனா அவரு அப்படி மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா யாருக்கு ஞாபகம் வரும்? உங்களுக்கு என்ன தெரியும் படிப்பைப் பத்தி, விசில் ஊதத் தெரியும்னு வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். மனுசன் எந்திரிச்சுப் போயிட்டாரு. தோசை கருகிப்போச்சு. அதையே தின்னேன்.

ஜூன் 12, வியாழன்

காலைல வாசல்ல சந்தனமாரி. அடுத்த தெரு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. பின்னாலயே அவ மக சுபிக்‌ஷா, போன வருசம் என் வகுப்புல இருந்தவ. ஸ்கூல் வேன் அவங்க தெருவுக்கு வராதுன்னு சொன்னதால, இந்த வருசம் கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்புல சேத்திருக்கா. போன வருச ரிசல்ட் ஷீட்டைக் கையில பிடிச்சிக்கிட்டு நிக்கா.

"டீச்சர், நீங்களே பாருங்க. எல்லாத்துலயும் ஏ. நீங்க போட்டதுதான? அங்க வாசிக்கச் சொன்னா வாயவே தொறக்க மாட்டேங்காளாம். கரும்பலகைய அச்சு மாதிரி பாத்து எழுதுதா, வாசின்னா கல்லு மாதிரி நிக்கா. ஏ வாங்கின பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாமப் போகுமா, இது தெரிஞ்சே செய்யுற திமிருன்னு சொல்லுதாக அந்த டீச்சர். நீங்க சொன்னாக் கேப்பா. ஒரு சத்தம் போடுங்க."

தினசரிப் பேப்பர் கிடந்துச்சு. எடுத்து அவ முன்னாடி வச்சு, பெரிய எழுத்துல இருக்குற தலைப்பை வாசின்னேன். அவ பேப்பரைப் பாக்கவே இல்ல. என் வலது கையவே பாத்துக்கிட்டு இருந்தா.

புது ஸ்கூல், கொஞ்சம் கூச்சமா இருக்கும், போகப் போகச் சரியாயிரும்னு சொல்லி அனுப்பிட்டேன். சந்தனமாரிக்கு வேலைக்கு நேரமாயிருச்சு. தெருமுனை திரும்பறதுக்குள்ள பிள்ள முதுகுல ஒண்ணு போட்டா.

ஜூன் 13, வெள்ளி

கேஸ் வந்துச்சு. மாவு புளிச்சுப்போச்சு. அஞ்சாவது பதிலைப் பதினோரு தடவ ஒப்பிச்சேன். தடங்கலே இல்ல.

ஜூன் 14, சனி

ரேஷன் கடைக்குப் போற வழியில சந்தனமாரி வீட்டைத் தாண்டித்தான் போகணும். வாசல்லயே கேட்டுச்சு. "வாசிப்பியா, மாட்டியா? தெரியும்லா? தெரிஞ்சும் எதுக்குட்டி என்னைய அசிங்கப்படுத்துத?" அடி விழுற சத்தம். பிள்ள சத்தம் வரல. அழுதாலாவது தேவலைன்னு இருந்துச்சு. நான் உள்ள போகல. அப்படியே நடந்தேன், கடையில வரிசையில நின்னேன், சீனி வாங்கினேன், பருப்பு இல்லன்னாங்க, வந்தேன்.

சரி. எழுதிடுதேன். யாரு இதப் படிக்கப் போறா.

எங்க ஸ்கூல்ல நோட்டுல சிவப்பு மை இருக்கக் கூடாது. கரஸ்பாண்டன்ட் உத்தரவு. சிவப்பு மையப் பாத்தாப் பெத்தவங்க பிள்ளைய வேற ஸ்கூலுக்கு மாத்திருவாங்களாம். அதனால எழுதத் தெரியாத பிள்ளைங்களுக்குப் பென்சிலால லேசாப் புள்ளி புள்ளியா வச்சுக் கொடுத்திருவோம். பிள்ளைங்க அது மேலயே எழுதிரும். ஸ்டாஃப் ரூம்ல அதுக்குப் பேரே புள்ளி வேலை. "எனக்கு இன்னும் அஞ்சு நோட்டு புள்ளி வேலை பாக்கி"ன்னு பேசிக்கிடுவோம். முதல்ல நோட்டுக்கு மட்டும்தான் வச்சோம். அப்புறம் பரீட்சைத் தாளுக்கும் வச்சோம்.

சுபிக்‌ஷாவுக்கு ஒரு வருசம் முழுக்க நான் புள்ளி வச்சேன். தமிழ், கணக்கு, சூழ்நிலையியல், எல்லாத்துக்கும். ஒரு கோடு வெளிய போகாது, அவ்வளவு அழகா எழுதுவா. அவளுக்கு "அ"வும் தெரியாது, "ஆ"வும் தெரியாது. புள்ளி எங்க போகுதுன்னு மட்டும்தான் தெரியும். ஜூலை மாசமே எனக்கு இது தெரியும். முப்பத்தெட்டுப் பிள்ளைங்க, நாலு பாடம், நடுவுல ஆண்டு விழா டான்ஸு வேற, நான் என்ன செய்ய?

என்ன செய்யவா? உக்கார வச்சு "அ" சொல்லிக் கொடுத்திருக்கணும், வேற என்ன.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுல பூசை முடிஞ்சு லூர்து அக்கா இந்தப் பக்கம் வந்தாங்க. புள்ளி வேலையால சுபிக்‌ஷா படுற பாட்டைச் சொன்னேன். காதுல வாங்காத மாதிரி என் சேலையத் தொட்டுப் பாத்து, இன்டர்வியூக்கு இதைக் கட்டாத, பச்சை காட்டன் கட்டுன்னாங்க.

"அக்கா, நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன பேசுதீங்க?"

"நாம எல்லாரும்தான் வச்சோம். நான் பதினாலு வருசமா வைக்கேன். உன்ன மட்டும் யாரு கேட்டா?"

"அந்தப் பிள்ள அடி வாங்குது."

"பிள்ளைன்னா அடி வாங்கத்தான் செய்யும். ஏட்டி, நோட்டீஸ் கொடுக்கச் சொன்னதுக்கு ஸ்டாஃப் ரூமே அதிர்ற மாதிரி கத்தினல்லா? புள்ளி வைக்கச் சொன்னப்ப எங்க போச்சு உன் வாயி? உனக்கு வெயில் படக் கூடாதுன்னா மட்டும் நியாயம் பொங்கிக்கிட்டு வரும். இப்ப புதுசா என்ன?"

வந்துச்சு எனக்குக் கோவம். வீட்டுக்குப் போங்கக்கான்னு சொல்லிட்டேன். எட்டு வருசப் பழக்கம். போயிட்டாங்க. கேள்வித் தாளைக் கிழிக்கப் போனேன், கிழிக்கல. அக்கா சொன்னதுல ஒரு வார்த்தகூடப் பொய் இல்ல, அதான் ஆத்திரம்.

ஜூன் 17, செவ்வாய்

பச்சை காட்டன் சேலைக்குக் கஞ்சி போட்டுத் தேச்சாச்சு. ஃபைல் ரெடி. சாப்பிடும்போது வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நாளைக்கு அஞ்சாவது கேள்வியைக் கேட்டாங்கன்னா இதையும் சொல்லப்போறேன்னும் சொன்னேன்.

"அந்த வேலை உனக்கு வேண்டாமா?"

"வேணும். ரொம்ப வேணும்."

"அப்புறம் ஏன் சொல்லணும்?"

"சொல்லிட்டு வாங்கினாத்தான் அது என் வேலை."

"வெளிய போன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். தலை நிமிந்து வருவேன்."

மனுசன் ரசத்தை இன்னொரு கரண்டி ஊத்திக்கிட்டு, சரி, இன்டர்வியூ முடிஞ்சதும் என் பஸ்ல பத்தரை டிரிப்புல ஏறி வந்திருன்னாரு. அவ்வளவுதான் அவரு சொன்னது. அதுவே எனக்குப் போதும்.

ஜூன் 18, புதன்

மூணு பேரு உக்காந்திருந்தாங்க. சேர்மன், பிரின்சிபால் அம்மா, அப்புறம் ஒல்லியா ஒருத்தரு, எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருந்தாரு. முதல் நாலு கேள்வியும் அக்கா எழுதிக் கொடுத்த வரிசையிலயே வந்துச்சு. ஃபைலைப் புரட்டிக்கிட்டே இருந்த சேர்மன் ரிசல்ட் ஷீட்டைப் பாத்ததும் நிமிந்து உக்காந்தாரு.

"மூணு வருசமா எல்லாரும் ஏ. பின்தங்கின பிள்ளைங்களே இல்லையாம்மா உங்க வகுப்புல? இருந்தா அவங்களுக்கு என்ன உதவி செஞ்சீங்க?"

குரல் நடுங்கல, அதை எழுதி வச்சிக்கிடுதேன்.

"சார், இதுக்கு என்கிட்ட மனப்பாடமா அஞ்சு வரி இருக்கு. அதைச் சொல்லணுமா, நடந்ததைச் சொல்லணுமா?"

பிரின்சிபால் அம்மா நிமிந்து பாத்தாங்க. நடந்ததைச் சொல்லுங்கன்னாங்க.

சொன்னேன். புள்ளி வேலை, பரீட்சைத் தாளு, ஒரு வருசம் முழுக்க ஒரு எழுத்துகூடத் தெரியாம ஏ கிரேடு வாங்கின பிள்ள, இப்ப அந்த ஏ கிரேடாலயே அவளுக்குத் திமிருன்னு பட்டம், தினமும் அடி. "இந்த ஷீட்டுல இருக்குற மார்க்குல பாதி என்னோடது சார். உதவி செஞ்சேன்னு சொன்னாப் பொய்"ன்னு முடிச்சேன். முடிச்சிட்டு, வெளிய போன்னு சொல்லப்போறாங்கன்னு சேலைத் தலைப்பைக்கூட இழுத்துச் செருகிக்கிட்டேன்.

சேர்மன் சிரிச்சாரு. நல்லா வாய்விட்டுச் சிரிச்சாரு.

"இவ்வளவு வெளிப்படையா ஒரு டீச்சர் பேசி நான் கேட்டதில்ல. ஏம்மா, இது எங்க இல்ல? போன வருசம் பெற்றோர் கூட்டத்துல நோட்டெல்லாம் சிவப்பு மை. பதினோரு பேரு டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க. இருந்த பொண்ணுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்ல. உங்களுக்கு இருக்கு. வெளிய மட்டும் பேச வேண்டாம். திங்கக்கிழமை வந்திருங்க."

செருப்பால அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. தப்புன்னு சொல்லிட்டு வெளிய போகவும் துணிஞ்சு வந்தவளுக்கு, அந்தத் தப்புக்காகவே வேலை கொடுக்காரு.

"சார், நான் தப்புன்னு சொல்லுதேன்."

"யாருக்கும்மா தப்பு? பிள்ளைக்கும் சந்தோசம், பெத்தவங்களுக்கும் சந்தோசம்."

"வாரேன் சார். திங்கக்கிழமையே வாரேன். ஆனா புள்ளி வைக்க மாட்டேன். பிள்ள தப்பா எழுதினா நோட்டுல தப்பாத்தான் இருக்கும். அந்த நோட்டை நானே பெத்தவங்க கையில கொடுத்து, இவளுக்கு இது இன்னும் வரல, வர வைக்கேன்னு சொல்லுவேன். சம்மதமா?"

சேர்மன் பேனாவை மூடினாரு. "அப்ப உங்க எட்டு வருச அனுபவம் எங்களுக்கு எதுக்கும்மா?"

பிரின்சிபால் அம்மாவைப் பாத்தேன். அவங்க மேசையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஃபைலை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். குடையை அங்கயே விட்டுட்டேன். கேட் பக்கம் வந்தப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எவன் திரும்பிப் போவான்.

பத்தரை டிரிப்புல ஏறினேன். கூட்டத்துக்குள்ள நெருக்கிக்கிட்டு வந்து வீட்டுக்காரர் கேட்டாரு.

"கிடைச்சிதா?"

"கிடைச்சிது. வேண்டாம்னுட்டேன்."

அவரு விசிலை ஊதிட்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க"ன்னு கத்த ஆரம்பிச்சிட்டாரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வேலை போச்சேன்னுதான் அழுதேன், இதுல மறைக்க என்ன இருக்கு.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் சந்தனமாரி வேலை முடிஞ்சு வர்ற நேரம் பாத்து அவ வீட்டு வாசல்ல போயி நின்னேன். காலக் கழுவிக்கிட்டு இருந்தா. டீச்சர் வாங்க, உக்காருங்கன்னு பாயை உதறினா. நான் உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னேன். சுத்தி வளைக்காம, ஏ எல்லாம் நான் போட்டது, அவளுக்கு எழுத்தே தெரியாது, தெரியாதுன்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன்.

அவ என்னைய வாசல் கூட்டுற வாரியலால அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சா வாங்கிக்கிடலாம்னும் நெனச்சேன். அவ அப்படியே வாசப்படியில உக்காந்துட்டா.

"அப்ப நான் அவள அடிச்சது?"

அவ்வளவுதான் கேட்டா. சுபிக்‌ஷா உள்ள தட்டுல சோறு வச்சித் தின்னுக்கிட்டு இருந்தா. எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா.

சந்தனமாரி எந்திரிச்சு மூக்கைச் சிந்தினா. "எங்கிட்ட சொன்னா ஆச்சா டீச்சர்? அங்க அத்தன பேரும் எம்பிள்ளயத் திமிரு பிடிச்சவன்னு சொல்லுதாக. நாளைக்கு நான் வேலைக்கு லீவு போடுதேன். நீங்க வாரீக. அங்க வந்து சொல்லுதீக."

"வாரேன்"னேன்.

"வரலன்னா இந்தத் தெருவுல உங்கள நடமாட விடமாட்டேன், பாத்துக்கிடுங்க."

"வாரேன்னு சொல்லுதேன்லா!" நானும் கத்திட்டேன். குத்தம் செஞ்சவளுக்கு இவ்வளவு ரோசம் ஆகாதுதான். ஆனா எனக்கு அப்படித்தான் வருது.

ஜூன் 20, வெள்ளி

கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல ஹெச்.எம். பேரு ஞானதுரை. வயசானவரு. நாலாம் வகுப்பு டீச்சரையும் கூப்பிட்டாரு. நான் சொல்ல ஆரம்பிச்சதும் அந்த டீச்சர் மூஞ்சி சிவந்துபோச்சு. "என்னங்க நீங்க, நான் பத்து நாளா இந்தப் பிள்ளைய வெளிய நிக்க வச்சிருக்கேன்"னாங்க. திட்டினாங்க. நல்லாவே திட்டினாங்க. பாதிவரைக்கும் பேசாம வாங்கிக்கிட்டேன். அப்புறம், "திட்டினது போதும் டீச்சர், நீங்களும் ஒரு தடவ 'அ' எழுதி இது என்னன்னு கேட்டிருக்கலாம்லா"ன்னு சொல்லிட்டேன். என் வாயி.

ஹெச்.எம். கையமர்த்தினாரு. வாயால சொன்னாப் பத்தாதும்மா, பழைய ஸ்கூல் மார்க்கு தப்புன்னு எழுத்துல இருந்தாத்தான் பிள்ளைய முதல்லருந்து ஆரம்பிக்க எனக்கு வசதின்னாரு. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தாரு. எழுதினேன். எந்த வருசம், எந்த வகுப்பு, என்ன செஞ்சேன், யாரு உத்தரவு, எல்லாம். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, அவ எதையும் மறைக்கல, பொய் சொல்லல, தப்பு முழுக்க என்னுடையதுன்னு முடிச்சேன். தினமும் நாலு மணிக்கு மேல இங்கயே வந்து நானே அவளுக்குச் சொல்லிக் கொடுக்க அனுமதி வேணும்னும் ஒரு வரி சேத்தேன். கேக்காமலே சேத்தேன்.

அவரு வாசிச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டினாரு.

"இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு உங்களுக்கு எந்த ஸ்கூல்லயும் வேலை கிடைக்காதும்மா. நல்லா யோசிச்சிக்கிடுங்க."

"யோசிச்சிட்டேன் சார். தேதி மேல போடணுமா, கீழயா?"

போட்டேன். முழுப் பேரு, இனிஷியல், படிப்பு, எல்லாத்தோடயும். ச. சண்முகக்கனி, இடைநிலை ஆசிரியர்.

வராண்டாவுல சுபிக்‌ஷா தூணைப் பிடிச்சிக்கிட்டு நின்னா. சந்தனமாரி கொஞ்சம் தள்ளி, இந்தப் பக்கம் திரும்பாம நின்னா. பிள்ள பக்கத்துல வந்து என் கையில இருந்த தாளைத் தொட்டா. ஹெச்.எம். நகல் எடுத்துட்டு ஒண்ணு எனக்கும் கொடுத்திருந்தாரு.

"டீச்சர், இதுல என்ன எழுதியிருக்கு?"

ஒரு வருசத்துல அவ என்கிட்டக் கேட்ட முதல் கேள்வி.

"நீ பொய் சொல்லலன்னு எழுதியிருக்கு."

"எங்க? வாசிங்க."

குனிஞ்சு, அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி வாசிச்சேன். அவ தலைய ஆட்டினா. இல்லன்னு ஆட்டினா. திரும்பி அவங்க அம்மாவைப் பாத்தா.

"அங்க கேக்குற மாதிரி வாசிங்க."

நிமிந்து நின்னு, முதல் வரியிலருந்து மறுபடியும் சத்தமா வாசிச்சேன். பக்கத்து வகுப்புல பாடம் நின்னுபோச்சு. ஜன்னல்ல பிள்ளைங்க தலையா எட்டிப் பாத்துச்சு. பாக்கட்டும்னு வாசிச்சேன், என் பேரு வரைக்கும்.